26 தடவையில் நைந்துபோகும் புத்தகம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பயோனியர் நூலக அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. 2011 மார்ச்சில் அங்குள்ள நூலகர்கள் ஒரு சின்ன வீடியோ எடுத்து யூட்யூபில் போட்டார்கள். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்தின் ஐந்து புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து வைத்து, எது எத்தனை தடவை இரவல் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அட்டை, பைண்டிங், பக்கங்கள் என்று திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். 26 தடவைக்கு மேல் போய் வந்த புத்தகமும் நன்றாகவே இருக்கிறது. அவ்வளவுதான் வீடியோ.

இதுல என்ன இருக்கு என்று தோன்றும். அந்த மார்ச் 7-ஆம் தேதியிலிருந்து ஹார்ப்பர்காலின்ஸ் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தது. நூலகம் காசு கொடுத்து எடுக்கும் ஒவ்வொரு மின்நூலையும் 26 தடவைதான் இரவல் கொடுக்கலாம். 27-ஆவது வாசகர் வந்து நின்றால், நூலகம் மறுபடி பணம் கட்ட வேண்டும். அது என்ன 26 கணக்கு? ஒருவருக்கு இரண்டு வாரம் என்று வைத்தால் வருடத்துக்கு 26 பேர். கூடவே இன்னொரு நியாயமும் சொன்னார்கள்: அச்சுப் புத்தகமும் பல கை பட்டால் நைந்து போகத்தானே செய்கிறது, அப்போது நூலகம் புதுசு வாங்கத்தானே செய்கிறது?

நான் இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எழுதுகிற நிரல் தேயக்கூடாது, விழக்கூடாது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் நிற்க வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷமும் வாங்கின சம்பளத்துக்கு வேலை. தேயவே முடியாத ஒரு பொருளை எடுத்து, 26-ஐத் தொட்டதும் தேய்ந்துபோனதாக நடிக்கவைக்க ஒரு கண்டிஷன் எழுது என்று யாராவது கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். ஆனால் இந்த ஒரு வரி நிரலுக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. அதைத் தேடிப் போனதில் கிடைத்த குறிப்புகள்தான் இது.

கதை 1904-இல் தொடங்குகிறது. ஹாலி எர்மினி ரைவ்ஸ் என்ற நாவலாசிரியை 'தி காஸ்ட்அவே' என்று ஒரு நாவல் எழுதினார். பாப்ஸ்-மெரில் நிறுவனம் வெளியிட்டது. காப்புரிமைக் குறிப்புக்குக் கீழேயே ஒரு எச்சரிக்கையையும் அச்சடித்திருந்தார்கள். இந்தப் புத்தகத்தின் சில்லறை விலை 1 டாலர், அதற்குக் குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் அனுமதி இல்லை, மீறி விற்றால் காப்புரிமை மீறலாகக் கருதப்படும் என்பது அதன் சாரம்.

நியூயார்க்கில் மேசிஸ் என்று பெரிய கடை. அதை நடத்தியவர்கள் ஸ்ட்ராஸ் சகோதரர்கள். (இதில் அண்ணன் இசிடோர் ஸ்ட்ராஸ்தான் 1912-இல் மனைவி ஐடாவோடு டைட்டானிக்கில் போய் மூழ்கியவர். லைஃப்போட்டில் ஏற மறுத்த அந்த வயதான தம்பதி, படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.) அவர்கள் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தவே இல்லை. 1 டாலர் புத்தகத்தை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். பதிப்பகம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1908 ஜூன் 1-இல் தீர்ப்பு வந்தது. பதிப்பகம் தோற்றது. நகலெடுக்கவும் விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் ஒரு பிரதியை ஒருவருக்கு விற்ற பிறகு அந்தப் பிரதிக்கு என்ன ஆகிறது என்பது உங்கள் கையில் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. இதை 'முதல் விற்பனை' கோட்பாடு என்பார்கள். அடுத்த வருடமே அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் இதை எழுதியும் வைத்துவிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு வெறும் 11 சென்ட் சண்டை மாதிரி தெரியும். ஆனால் பழைய புத்தகக் கடை, நூலகம், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுப்பது எல்லாமே அமெரிக்கச் சட்டத்தில் இந்த ஒரு கால் மேல்தான் நிற்கின்றன. புத்தகத்தை வாங்கியவர் யாருக்குக் கொடுத்தாலும் பதிப்பகத்தைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். இந்த வழக்கில் வாங்கியவரோடு ஒப்பந்தம் எதுவும் போட்டதாகவோ, உரிமம் என்று சொல்லிக் கொடுத்ததாகவோ யாரும் வாதிடவில்லை என்று நீதிபதி டே போகிற போக்கில் குறிப்பிடுகிறார். வெறும் அச்சடித்த எச்சரிக்கை செல்லாது என்பதுதான் தீர்ப்பு. ஒப்பந்தம் என்று ஒன்று இருந்திருந்தால்? அந்த ஜன்னலைக் கோர்ட் சாத்தவில்லை. தொண்ணூறு வருஷம் கழித்து மின்நூல் உள்ளே வந்தது அந்த ஜன்னல் வழியாகத்தான். ஒப்பந்தத்தோடு கூடவே ஒரு பூட்டையும் கொண்டுவந்தது.

பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு 1998-இல் வந்தது. அந்த வருடம் அமெரிக்கா கொண்டுவந்த டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டம், நகல் தடுப்புப் பூட்டை உடைப்பதையும் உடைக்கும் கருவியை விற்பதையும் தனிக் குற்றமாக ஆக்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1997 பிப்ரவரியில், ரிச்சர்ட் ஸ்டால்மன் கணினித் துறை இதழ் ஒன்றில் 'படிக்கும் உரிமை' என்ற பொருளில் ஒரு சிறுகதை எழுதியிருந்தார். கல்லூரி மாணவி ஒருத்தி கம்ப்யூட்டர் கெட்டுப்போய் மாணவன் ஒருவனிடம் இரவல் கேட்கிறாள். கொடுத்தால் அவள் அதிலிருக்கிற அவனுடைய புத்தகங்களைப் படித்துவிடுவாள், அது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம் என்பதுதான் கதையின் முடிச்சு. அந்தக் காலத்தில் அதைப் படித்த பலருக்கு மிகையாகத்தான் பட்டிருக்கும்.

2000 மார்ச்சில் ஸ்டீபன் கிங் 'ரைடிங் தி புல்லட்' என்ற குறுநாவலை மின்நூலாக மட்டும் வெளியிட்டார். விலை இரண்டரை டாலர். முதல் 24 மணி நேரத்தில் சுமார் 4 லட்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள், சர்வர்கள் திணறின. பதிப்பக உலகம் முழுக்க மின்நூல் பக்கம் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். சில நாட்களிலேயே அதன் பூட்டை யாரோ உடைத்து இலவசமாக இணையத்தில் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் பதிப்பகங்களுக்குப் பிடித்த ஆசையும் பயமும் இன்றுவரை விடவில்லை.

அந்தக் காலத்தில் அடோபி நிறுவனத்தின் மின்நூல் செயலியில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அனுமதிப் பட்டியல் இருக்கும். நகலெடுக்கலாமா, அச்சிடலாமா, இரவல் தரலாமா, அன்பளிப்பாகக் கொடுக்கலாமா, சத்தமாக வாசிக்கலாமா என்று வரிசையாக. லூயிஸ் கரோலின் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' 1865-இல் வந்த புத்தகம். அதன் காப்புரிமை எப்போதோ முடிந்து பொதுச் சொத்தாகிவிட்டது. அதன் ஒரு மின்பதிப்பில் இந்தப் பட்டியலைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று இருந்தது. இரவல் தர முடியாது, யாருக்கும் கொடுக்க முடியாது, சத்தமாக வாசிக்கவும் முடியாது. இதைப் பார்த்து ஊரெல்லாம் சிரித்தது, லாரன்ஸ் லெசிக்கும் தன் புத்தகத்தில் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். சத்தமாக வாசிப்பது என்றால் மென்பொருளில் உள்ள வாசிக்கும் பொத்தானைத்தான் சொன்னோம், குழந்தைக்கு அம்மா படித்துக்காட்டுவதை இல்லை என்று அடோபி விளக்கம் கொடுத்தது. விளக்கம் உண்மைதான். ஆனால் எல்லோரும் அந்த 'வாசிக்கக் கூடாது' வரியைப் பார்த்துச் சிரித்ததில், அதற்கு மேலே இருந்த 'இரவல்' வரியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1908-இல் பதிப்பகத்துக்குக் கிடையாது என்று தீர்ப்பான அதிகாரம், இங்கே ஆமா, இல்லை என்று ஒரு செட்டிங் ஆகிப்போயிருந்தது.

அந்தச் செட்டிங்கைத் தொட்டவருக்கு என்ன ஆகும் என்பது 2001-இல் தெரிந்தது. திமித்ரி ஸ்க்லியாரோவ் ரஷ்ய நிரலாளர். மாஸ்கோவின் எல்காம்சாஃப்ட் நிறுவனத்தில் வேலை. காசு கொடுத்து வாங்கிய அடோபி மின்நூலைப் பூட்டில்லாத சாதாரண பிடிஎஃப் ஆக மாற்றும் கருவியை எழுதியிருந்தார். லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் இந்தப் பூட்டுகள் எவ்வளவு பலவீனம் என்று பேசினார். பேசி முடித்து ஊர் திரும்பக் கிளம்பும்போது, ஜூலை 16 அன்று, எஃப்பிஐ கைது செய்தது. புகார் கொடுத்தது அடோபி. எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரே வாரத்தில் அடோபி பின்வாங்கியது, ஆனால் அரசு விடவில்லை. மூன்று வாரம் உள்ளே இருந்துவிட்டு 50,000 டாலர் ஜாமீனில் வந்தார். பிறகு அவர் மேல் இருந்த வழக்கைக் கைவிட்டு நிறுவனத்தின் மேல் மட்டும் நடத்தினார்கள். 2002 டிசம்பரில் ஜூரி நிறுவனத்தையும் விடுதலை செய்துவிட்டது.

இவர் எந்தப் புத்தகத்தையும் திருடி விற்கவில்லை. பூட்டுக்கு வேறொரு சாவி செய்தார். அந்தச் சாவி இருந்தால் புத்தகத்தை வாங்கியவர் இன்னொரு கணினியில் படிக்கலாம், பார்வையற்றவர் திரை வாசிப்பானில் கேட்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். ஆயிரம் பேருக்குக் கொடுக்கவும் செய்யலாம். நியாயமாகப் பேச வேண்டுமென்றால் அந்தக் கடைசி வரியையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரச்சினையின் கரு அங்கேதான் இருக்கிறது. காகிதப் புத்தகத்தை இரவல் கொடுத்தால் என் அலமாரியில் ஓர் இடைவெளி விழும். கோப்பை 'கொடுத்தால்' என்னிடமும் இருக்கும், அவரிடமும் இருக்கும். கணினியில் நகர்த்துவது என்று ஒன்று கிடையாது, நகலெடுத்துவிட்டுப் பழசை அழிப்பதுதான் உண்டு. பழசை அழித்தேன் என்பதற்கு என் வாய்வார்த்தைதான் சாட்சி. ஆகவே டிஜிட்டலில் உண்மையான இரவல் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பூட்டு வேண்டும் என்பது தொழில்நுட்ப ரீதியில் எனக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயமாகத்தான் படுகிறது.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நூலக மின்நூல்களில் நெடுங்காலம் புழங்கிய அடோபி முறையில், புத்தகம் ஒரு சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சாவியை உங்கள் கணக்குக்கான இன்னொரு சாவியால் பூட்டி, புத்தகக் கோப்புக்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பாக வைத்துவிடுவார்கள். உங்கள் சாவி உங்கள் கணினியிலோ, படிக்கும் கருவியிலோ இருக்கும். அதனால் கோப்பை நண்பருக்கு மெயிலில் அனுப்பினாலும் அவரால் திறக்க முடியாது. நூலக இரவல் என்றால் கூடவே ஒரு கெடு தேதியும் இருக்கும். அந்தத் தேதி தாண்டியதும் செயலி திறக்க மறுக்கும். 'புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது' என்று சொல்கிறோமே, அப்போது எந்தக் கோப்பும் எங்கும் திரும்பிப் போவதில்லை. சர்வரில் ஓர் எண் ஒன்று கூடுகிறது. அவ்வளவுதான். வெளியே 5 இரவல், இருப்பு 0, காத்திருப்போர் 40 என்பதெல்லாம் ஒரு அட்டவணையில் சில வரிகள்.

கவனித்துப் பார்த்தால் இந்த முறை முழுக்கக் காகிதத்தின் குறைகளை வேலை மெனக்கெட்டுத் திரும்ப உருவாக்குவதுதான். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம், க்யூ இருக்கும், கெடு இருக்கும். 26 வந்ததும் கடைசிக் குறையையும் சேர்த்தார்கள்: நைந்து போவது. ஆனால் காகிதத்தில் இருந்த ஒரே சௌகரியத்தை, அதாவது யாரையும் கேட்காமல் கொடுக்கலாம் என்பதை மட்டும், யாரும் திரும்ப உருவாக்கவில்லை.

எங்கப்பாவிடம் ஒரு பழைய பேங்க் டைரி இருந்தது. பெயர், புத்தகம், தேதி என்று மூன்று பத்தி. திரும்பி வந்தால் ஒரு டிக். டிக் விழாத வரிகள் நிறைய. ஒருமுறை நான் கணக்குப் பார்த்து, 'இவ்ளோ புக்கு வரலையேப்பா' என்று கேட்டேன். 'வராதது எல்லாம் நல்ல புக்குடா' என்றார். அந்த டைரிதான் எங்கள் வீட்டின் உரிமை மேலாண்மை அமைப்பு. அபராதம் கிடையாது, கெடு கிடையாது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு 'வீட்ல இல்லையே' என்று சொல்வது என்ற கொள்கை முடிவு மட்டும் முழுக்க அவருடையது.

தனி வாசகர்களுக்கு இரவல் வசதி அமெரிக்காவில் 2009-இல்தான் வந்தது. பார்ன்ஸ் அண்ட் நோபிள் அந்த அக்டோபரில் நூக் கருவியை அறிவித்தபோது நண்பருக்கு இரவல் தரலாம் என்பதையே பெரிய விளம்பரமாகச் செய்தது. விதிகளைப் படித்தால்தான் விஷயம் புரியும். 14 நாள். அந்த 14 நாளும் சொந்தக்காரர் படிக்க முடியாது (இது நியாயம்). ஒரு புத்தகத்தை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் இரவல் தரலாம். அதுவும் பதிப்பகம் சம்மதித்த புத்தகங்களை மட்டும். 2010 டிசம்பர் கடைசியில் அமேசானும் கிண்டிலில் கிட்டத்தட்ட இதே விதிகளோடு ஆரம்பித்தது. இரவல் கொடுப்பவர் அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. அதனால் நம் ஊர்க் கிண்டில் வாசகர்களுக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஜாங்கிரிதான்.

ஒரு தடவைதான் என்றாலும் அதையும் வைத்து மக்கள் ஏதோ செய்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் தங்களுக்குள் கிண்டில் புத்தகங்களை மாற்றிக்கொள்ள லெண்டில் மாதிரி தளங்கள் முளைத்தன. உன்னிடம் இருக்கிற ஒரு இரவலை எனக்குக் கொடு, என்னுடையதை இன்னொருவருக்குக் கொடுக்கிறேன் என்கிற ஏற்பாடு. 2011 மார்ச்சில் அமேசான் அந்தத் தளத்துக்கான தகவல் இணைப்பைத் துண்டித்தது. கூச்சல் எழுந்ததும் சீக்கிரமே திரும்பக் கொடுத்தது. பிறகு குடும்பத்துக்குள் பகிரும் வசதியும் வந்தது. அமேசானின் குடும்பம் என்றால் இரண்டு பெரியவர்கள், சில பிள்ளைகள். அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் என்றெல்லாம் நம் வீடுகளில் புத்தகம் எந்த வழியில் போகுமோ அந்த வழி அந்தப் படிவத்தில் கிடையாது.

சாவி நம் கையில் இல்லையென்றால் இரவல் மட்டுமில்லை, வைத்திருப்பதே சந்தேகம்தான். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'அனிமல் ஃபார்ம்' இரண்டின் சில பதிப்புகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஆனால் பள்ளிப் பாடத்துக்காக ஒரு மாணவன் எழுதி வைத்திருந்த குறிப்புகள் புத்தகத்தோடு சேர்ந்து உபயோகமில்லாமல் போயின. அவன் வழக்குப் போட்டான். அமேசான் மன்னிப்புக் கேட்டு 1,50,000 டாலரில் சமரசம் செய்துகொண்டது. பூட்ட வந்தவர்கள் அழித்த புத்தகம் '1984'-ஆகவா இருக்க வேண்டும்! கதையில் எழுதினால் நம்ப மாட்டோம். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்கள் எல்லாமே திறக்காமல் போயின. முழுப் பணமும் கொடுத்தார்கள், குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை என்பார்களே, நாம் வாங்கியதாக நினைத்ததே இரவல் சேலைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

நூலகங்களின் கதைக்குத் திரும்பினால், இன்று யோசிக்கும்போது 26 விதி அவ்வளவு மோசமில்லை என்று நான் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். மற்ற பெரிய பதிப்பகங்கள் காலக்கெடு உரிமத்துக்குப் போயின. இரண்டு வருடம் ஆனால் புத்தகம் காலி, யாரும் தொடாவிட்டாலும் காலி. வருடத்துக்கு இரண்டு பேர் எடுக்கிற ஒரு புத்தகத்தைக் கணக்குப் பண்ணுங்கள். 26 விதியில் அது 13 வருடம் நூலகத்தில் இருக்கும். காலக்கெடு விதியில் நாலு பேர் படித்ததும் போய்விடும். அப்படி மெதுவாகப் போகிற புத்தகங்கள்தான் ஒரு நூலகத்தை நூலகமாக வைத்திருக்கின்றன. பெஸ்ட்செல்லர் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

மேக்மில்லன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019 நவம்பர் 1 முதல், புது மின்நூல் வந்து எட்டு வாரம் வரை ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான், அது 30 டாலர். எட்டு வாரம் கழித்து இன்னும் வேண்டுமென்றால் இரண்டு வருட உரிமத்துக்கு 60 டாலர். பத்து லட்சம் பேர் வாழ்கிற நகரமாக இருந்தாலும் அதே ஒன்று. நூலகங்கள் பல புறக்கணித்தன. 2020 மார்ச் 17-இல், கொரோனா ஊரடங்கு ஆரம்பித்த நேரத்தில், மேக்மில்லன் அந்த விதியைக் கைவிட்டது.

அடுத்த வாரமே, மார்ச் 24 அன்று, இன்னொரு பக்கம் ஒரு பெரிய அடி வைக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் பல வருடமாக ஒரு முறையைப் பின்பற்றி வந்தது. காகிதப் புத்தகத்தை வாங்கி ஸ்கேன் செய்யும், காகிதத்தை எடுத்து உள்ளே வைத்துவிடும், அதற்குப் பதிலாக ஸ்கேனை ஒரு நேரத்தில் ஒருவருக்கு இரவல் கொடுக்கும். பூட்டு? அதே அடோபி பூட்டுதான். பதிப்பகம் இரவலைத் தடுக்கப் போட்ட பூட்டை எடுத்து, இரவல் நேர்மையாக நடக்க உத்தரவாதமாக வைத்தார்கள். முதல் விற்பனைக் கோட்பாட்டை டிஜிட்டலுக்கு மொழிபெயர்க்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம். என் கணக்கில் இந்த வரலாற்றிலேயே யோக்கியமான பொறியியல் யோசனை இதுதான்.

ஊரடங்கில் நூலகங்கள் மூடியதும் ஆர்க்கைவ் அந்த ஒன்றுக்கு ஒன்று கணக்கைத் தற்காலிகமாக எடுத்துவிட்டது. க்யூ கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஜூன் 1-இல் ஹாசெட், ஹார்ப்பர்காலின்ஸ், வைலி, பெங்குவின் ராண்டம் ஹவுஸ் நான்கும் வழக்குப் போட்டன. ஜூன் 16-இல் ஆர்க்கைவ் பழைய முறைக்கே திரும்பியது, ஆனால் வழக்கு திரும்பவில்லை. பதிப்பகங்கள் க்யூ எடுத்ததை மட்டும் கேள்வி கேட்கவில்லை, ஒன்றுக்கு ஒன்று முறையையே கேள்வி கேட்டன. 127 புத்தகங்களை வைத்து நடந்த வழக்கில் நீதிபதி கோல்ட்ல் 2023 மார்ச் 24-இல் பதிப்பகங்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். க்யூவை எடுத்த அதே தேதி, சரியாக மூன்று வருடம் கழித்து. 2024 செப்டம்பர் 4-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆர்க்கைவ் சுப்ரீம் கோர்ட் போகவில்லை. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து போய்விட்டன.

ஆர்க்கைவ் க்யூவை எடுத்தது சரியா என்று நண்பர்களோடு நிறைய விவாதித்திருக்கிறேன். என் கருத்து, எடுத்திருக்கக் கூடாது. அந்த ஒன்றுக்கு ஒன்று கணக்குதான் அவர்களுடைய வாதத்தின் முதுகெலும்பு. அதை வைத்திருந்தாலும் தோற்றிருப்பார்களோ என்னவோ, ஆனால் சண்டைக்கு நாளும் இடமும் எதிராளி குறிக்கும்படி ஆகிவிட்டது.

ஐரோப்பா வேறு மாதிரி யோசித்தது. 2016 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஒரு பிரதி ஒரு வாசகர் என்ற கணக்கில் நூலகம் மின்நூலை இரவல் தரலாம், அது காகித இரவல் மாதிரியேதான் என்றது. மூன்று வருடம் கழித்து, 2019 டிசம்பரில், அதே நீதிமன்றம் டாம் கேபினெட் என்ற டச்சு நிறுவனத்தின் வழக்கில் பழைய மின்நூலை மறுவிற்பனை செய்யக் கூடாது என்றது. மின்நூல் பழசாவதே இல்லை, பழைய பிரதியும் புதுசும் ஒன்றுதான் என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. அங்கே 26-இல் தேயவைக்கிறார்கள், இங்கே தேயாது என்பதற்காகத் தடுக்கிறார்கள்!

எழுத்தாளர் பக்கம் என்ன? இரவல் கூடினால் விற்பனை குறையும் என்ற பயத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன், எழுதிப் பிழைப்பவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. பிரிட்டனில் இதற்கு 1979-ஆம் வருடச் சட்டத்தின்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. பொது நூலகத்தில் புத்தகம் இரவல் போகப் போக, அரசு எழுத்தாளருக்குச் சிறு தொகை கொடுக்கும். 2018 ஜூலை முதல் மின்நூல் இரவலுக்கும் அது உண்டு. புத்தகத்தைத் தேயவைக்காமலே எழுத்தாளருக்குக் காசு போகிற வழி இருக்கத்தான் செய்கிறது.

நம் சட்டத்துக்கு வருவோம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது 65அ என்ற பிரிவு வந்தது. பூட்டை உடைப்பதற்கு இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் உண்டு. ஆனால் அமெரிக்கச் சட்டம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இல்லை. சட்டத்தில் உள்ள உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். ஸ்க்லியாரோவ் கதையை நம் ஆட்கள் படித்திருப்பார்கள் போல என்று நினைக்கத் தோன்றுகிறது. அதே சமயம் மின்நூலை இரவல் தரலாம் என்று சொல்கிற பிரிவும் கிடையாது. கதவு பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை.

தமிழில் பூட்டில்லாத மரபு கொஞ்சம் பலமாகவே இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது, மின்நூல் வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன்பே. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் 2013 முதல் பகிரும் உரிமையோடு புத்தகங்களை வெளியிடுகிறது. அங்கே இரவல் என்ற பேச்சே தேவையில்லை, எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் கிண்டில் 2016 டிசம்பரில் தமிழுக்கு வந்த பிறகு நம் எழுத்தாளர்கள் பலர் நேரடியாக அங்கே போட ஆரம்பித்தார்கள். அச்சில் கிடைக்காத பழைய புத்தகங்கள்கூட இப்போது அங்கே மட்டும் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 26-க்குப் பிறகு, வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. அதே வருடம் ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம்: உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று பொத்தானில் எழுதக் கூடாது, எழுதினால் இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்போது அமெரிக்க அமேசானில் பொத்தான் பக்கத்தில் அந்த வாசகம் இருக்கிறது. காப்புரிமைக் குறிப்புக்குக் கீழே பாப்ஸ்-மெரில் அச்சடித்த எச்சரிக்கை மாதிரியே ஒன்று, இந்தத் தடவை செல்லுபடியாகும்.

கிண்டிலில் சொந்தமாகப் புத்தகம் போடும் தமிழ் எழுத்தாளர்கள் கவனிக்க ஒன்று உண்டு. பதிவேற்றும்போது பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கான பதில் பதிப்பகத்திடமோ அமேசானிடமோ இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நாலைந்து பேரைக் கேட்டேன். ஒருவர் யோசித்து 'வேண்டாம்' என்று போட்டிருக்கிறார், தன் புத்தகம் நாலு பேர் கைக்குப் போனால் போதும் என்றார். ஒருவர் திருட்டுப் பிடிஎஃப் பயத்தில் 'வேண்டும்' என்று போட்டிருக்கிறார், அவர் பயமும் எனக்குப் புரிகிறது. மற்றவர்கள், 'அப்படி ஒரு கேள்வி வந்துதா என்ன?' என்றார்கள்.